எண்ணெய் கொட்டினால் பறவைகள் மீளுமா? பந்திங் கடலோரம் அறிய வேண்டியவை

பந்திங் - மோரிப், கெலானாங் கடற்கரைகளுக்கு அப்பால், மலாக்கா நீரிணையில் எண்ணெய்க் கப்பல்கள் ஓயாமல் சென்று வருகின்றன. அங்கு விபத்து நேர்ந்தால் முதலில் மீனவரின் பிழைப்பு நினைவுக்கு வரும். அதே சேற்றில் இரை தேடும் பறவைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இது வெறும் அச்சமல்ல. 1997 அக்டோபர் 15ஆம் தேதி சிங்கப்பூர் நீரிணையில் ‘எவோய்கோஸ்’, ‘ஓராப்பின் குளோபல்’ என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. 28,000 டன்னுக்கும் அதிகமான எண்ணெய் கடலில் கலந்தது. சில வாரங்களில் அது மலாக்கா நீரிணைக்குள் நகர்ந்து, சிலாங்கூரில் 40 கிலோமீட்டர் கடலோரத்தில் ஆங்காங்கே படிந்தது. வலசைப் பறவைகள் இங்கு வந்து இறங்கும் மாதங்கள் அவை. 2024 ஜூன் 14ஆம் தேதியும் சிங்கப்பூரில் கப்பல் மோதலால் சுமார் 400 டன் எண்ணெய் கொட்டியது.

எண்ணெய் பட்டால் இறகு நீரைத் தடுக்கும் தன்மையை இழக்கிறது. பறவை குளிரில் நடுங்குகிறது. இறகைக் கோதும்போது எண்ணெயை விழுங்கவும் செய்கிறது. 2023 டிசம்பரில் சென்னை எண்ணூர் கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய உடலோடு காணப்பட்டன.

உயிர் பிழைத்தவை எப்போது பழைய எண்ணிக்கைக்குத் திரும்பும்? 1989இல் அலாஸ்காவில் ‘எக்சன் வால்டிஸ்’ விபத்தில் சுமார் 2,50,000 கடற்பறவைகள் மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. அங்கு வெண்தலைக் கழுகு 1996இல் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கரையோரச் சிப்பி, நத்தைகளை உண்ணும் ஒருவகை வாத்து மீள்வதற்கு ஏறக்குறைய 25 ஆண்டுகள் பிடித்தன. கரைக்கு அடியில் தங்கிய எண்ணெய் இரை வழியாக அதன் உடலில் சேர்ந்துகொண்டே இருந்ததே காரணம்.

பல கடற்பறவைகள் ஆண்டுக்கு ஓரிரு முட்டைகளே இடும். குஞ்சு வளர்ந்து முட்டையிடச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே முதிர்ந்த பறவைகளின் இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

கழுவி விடுவது மட்டும் போதாது. 2000இல் தென்னாப்பிரிக்காவில் ‘டிரெஷர்’ கப்பல் மூழ்கியபோது எண்ணெய் பட்ட சுமார் 19,000 பெங்குவின்களில் பெரும்பாலானவை காப்பாற்றப்பட்டன. ஆனால் பின்னர் மீன் குறைந்ததால் அந்த இனம் தொடர்ந்து சரிந்தது; இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

சிலாங்கூர் கடலோரத்தின் நிலை இன்னும் நுட்பமானது. இங்கு வரும் உள்ளான், குதிரைமூக்கன் போன்றவை பெரும்பாலும் வடக்கே முட்டையிட்டு, இந்தச் சேற்றில் கொழுத்துத் திரும்புபவை. நண்டு வளைகளுக்குள் இறங்கும் எண்ணெய், காற்று எட்டாத சேற்றில் மெதுவாகவே சிதையும். கனரக இயந்திரங்களைச் சதுப்புநிலக் காட்டுக்குள் இறக்கினால் எண்ணெய் மேலும் ஆழத்துக்குப் போகும். ஆகவே எண்ணெய் கரையேறுமுன் மிதவைத் தடுப்பு போடுவதே முதல் காப்பு.

அடுத்தது கணக்கு. விபத்துக்கு முன் எத்தனை பறவைகள் இருந்தன என்று தெரியாவிட்டால், மீண்டனவா என்று பின்னர் சொல்ல வழியில்லை. ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மலேசிய இயற்கைச் சங்கம் பங்கேற்கிறது. பந்திங், கேரித் தீவு வட்டாரப் பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் அதில் கைகோக்கலாம்.

மீனவருக்கும் இதே பாடம்தான். டாங்கர் கப்பல் எண்ணெய்க் கசிவுக்கு இழப்பீடு தரும் அனைத்துலக நிதி உடன்படிக்கையில் மலேசியாவும் உறுப்பினர். வருமான இழப்பைக் கோரலாம். ஆனால் பிடித்த மீனுக்கும் விற்ற விலைக்கும் சான்று வேண்டும். அந்தக் கணக்கை எண்ணெய் கரை தொடுவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.