அவளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்

மைசூரு

மாண்புமிகு கர்நாடக சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

இந்த மடலின் கன்னடப் பிரதியை உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பெட்டியும் படுக்கையுமாக மகளை இங்கே நர்சிங் படிக்க அழைத்துவரும் சத்தியமங்கலத்து, ஈரோட்டுப் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும்.

நான் இந்த ஊரில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு கட்டடத்தோடு முடிந்துவிடும்.

கடைசிச் சில வருடங்களில் பகல் பதினொரு மணிவாக்கில் எனக்கு ஒரு போன் வரும். நைட் டூட்டி முடித்துப் போன புதுப் பெண்ணாக இருக்கும். "சிஸ்டர், 14-ஆம் பெட்டுக்கு இன்சுலின் போட்டதை சார்ட்டில எழுதினேனா? கொஞ்சம் பாருங்க சிஸ்டர்." பார்ப்பேன். மணியோடு, கையெழுத்தோடு எழுதியிருப்பாள். "எழுதியிருக்கே, தூங்கும்மா" என்று வைப்பேன். அரை மணி கழித்து மறுபடி அவளே: "16-க்கு ட்ரிப் ஓடிக்கிட்டிருந்துது, யாராவது பார்த்தாங்களா?" அன்று இரவு எட்டு மணிக்கு அவள் திரும்ப வரவேண்டும். எப்போது தூங்குவாள்?

ஒருநாள் எரிச்சலில் நான் போனை எடுக்கவில்லை. அந்த வாரமே உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. "தாங்காத பொண்ணு" என்று டூட்டி ரூமில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

எதைத் தாங்கவில்லை என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன். முப்பது பெட் வார்டு. ரோஸ்டரில் இரவுக்கு இரண்டு ஸ்டாஃப். ஐசியுவில் ஒருத்தி லீவு என்று பத்து மணிக்கு மூத்தவளை அங்கே இழுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருப்பவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆனவள். பத்து மணி மருந்து முடிவதற்குள் பன்னிரண்டு மணி ஆன்டிபயாடிக் வந்து நிற்கும். ரத்தம் ஏற்றத் தொடங்கினால் முதல் கால் மணி நேரம் அந்தக் கட்டிலை விட்டு நகரக்கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் அவள். அந்தக் கால் மணிக்குள் மூன்று கட்டில்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். நகர்ந்தால் படித்தது பொய். நகராவிட்டால் அட்டெண்டர் சண்டைக்கு வருகிறார்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பாஷையும் ஒரு சோதனை. கன்னடத்தில் 'எதெ நோவு' என்றால் நெஞ்சு வலி. 'எதெ உரி' என்றால் நெஞ்செரிச்சல். தமிழ்க் காதுக்கு முதல் மாதம் அந்த 'எதெ', 'எதை' என்றுதான் விழும். இரண்டு வார்த்தைக்கும் நடுவில் ஓர் ஈசிஜி இருக்கிறது, ஐயா. பக்கத்தில் ஒரு மூத்தவள் இருந்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்.

இது புதுசாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் மார்லின் கிராமர் என்ற செவிலியர், படிப்பில் கண்ட ஆஸ்பத்திரிக்கும் வேலையில் காணும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் புதியவர்கள் படும் அதிர்ச்சியைப் பற்றி 1974-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதே வருடம் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கின் இலவச கிளினிக் ஊழியர்களைப் பார்த்து 'பர்ன் அவுட்' என்பதை விவரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதை நோய் என்று சொல்லாமல் வேலையிடம் சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியது. ஆனால் நிர்வாகங்கள் வைத்தியம் பார்ப்பது அந்தப் பெண்ணுக்குத்தான். நாங்கள் ஒருமுறை மன அழுத்தம் குறைய யோகா வகுப்பு நடத்தினோம், நைட் டூட்டி முடிந்த காலை ஒன்பது மணிக்கு. மைசூரில் இருந்துகொண்டு யோகாவைக் குறை சொன்னால் ஊர் அடிக்கும். நான் குறை சொல்வது அந்த ஒன்பது மணியை.

புது டாக்டரை யாரும் இப்படி விடுவதில்லை. 2024-இல் இந்த ஊர் மருத்துவக் கல்லூரிக்கு நூறு வயது நிறைந்தது. அங்கே படித்து முடிக்கும் டாக்டர் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார். அவர் தவறினால் பிடிக்க மேலே ஒருவர் உண்டு. நர்ஸுக்கும் கடைசிப் பருவத்தில் இன்டர்ன்ஷிப் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, மாணவியாக. ரெஜிஸ்ட்ரேஷன் வந்து வேலைக்குச் சேர்ந்த மறுநாளே அவள் ரோஸ்டரில் முழு ஆள்.

என் கோரிக்கை அதைப் பற்றியதுதான். முதல் ஆறு மாதம் அவள் பெயர் ரோஸ்டரில் இருக்கட்டும். ஆனால் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. இரவில் அவளை வார்டில் தனியாக விடக் கூடாது. போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அது கிடக்கட்டும், அதை எட்ட எத்தனை காலமோ. 2007-ஆம் வருடத்துத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் உங்கள் துறையின் கையில் இருக்கிறது. பதிவு கேட்டு வரும் ஆஸ்பத்திரியில் தகுதியுள்ள ஆட்கள் போதிய அளவு இருக்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது. 'போதிய அளவு' என்று எண்ணும்போது ஆறு மாதம் ஆகாதவளைக் கழித்து எண்ணச் சொல்லுங்கள்.

ஆள் கிடைக்கவில்லை, இரண்டு வருட அனுபவம் சேர்ந்ததும் வெளிநாடு பறந்துவிடுகிறார்கள் என்று முதலாளிகள் உங்களிடம் வருவார்கள். பாதி நிஜம். ஆனால் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்தும், உடைந்த தெர்மாமீட்டருக்குச் சம்பளத்தில் பிடித்தும் நிறுத்திவைக்கப்படுபவள், போக எந்த வழி கிடைத்தாலும் போவாள். சம்பளத்தைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 200 பெட்டுக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50 பெட்டுக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தத் தாள் உங்கள் துறையில் எங்காவது இருக்கும்.

இந்த மடலோடு ஒரு பழைய வார ரோஸ்டரின் நகலை வைத்திருக்கிறேன். போட்டது நான்தான், கையெழுத்தும் என்னுடையது. பெயர்களை மை பூசி மறைத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்களைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். முழுவதும் பார்க்க நேரமில்லை என்றால் ஞாயிறு இரவு வரிசையை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு வார்டு சிஸ்டர்