வழுக்கும் சாலையும் புது வண்டியும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி ஓட்டுவது என்ன பாடு என்பதை நம் உறுப்பினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. லாரிகள் சிந்திய ஆயிலும் டீசலும் முதல் மழையில் மிதந்து வரும். கடலோரம் மணல் வேறு. காசிமேட்டருகே மீன் வண்டிகள் ஒழுகவிடும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இத்தகைய இடத்தில் அவசரமாக ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் பிடிப்பின்றிச் சுழலும். முன்சக்கரமானால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. பின்சக்கரமானால் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வீசும். பக்கத்தில் கன்டெய்னர் டிரெய்லர் வந்துகொண்டிருந்தால்?

இதைத் தடுக்கத்தான் 'டிராக்ஷன் கன்ட்ரோல்' என்னும் மின்னணு ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சென்சார்கள் கவனிக்கின்றன. என்ஜின் இழுக்கும் சக்கரம் ஒன்று மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால், அதற்கு மட்டும் பிரேக் விழும். அல்லது என்ஜினின் வேகம் குறைக்கப்படும்.

2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அது பிரேக் போடும்போது காப்பது. இது வண்டியைக் கிளப்பும்போது. இரண்டுக்கும் சக்கரத்திலுள்ள அதே சென்சார்கள்தாம். அப்படியிருக்க, விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும் இதை ஒதுக்கி வைப்பது நியாயமல்ல என்பது நம் கருத்து. கடைக்கு வண்டி வாங்கும் உறுப்பினர்கள், சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் பேரம் பேசுமுன் இதைக் கேட்க வேண்டுகிறோம்.

தேய்ந்து வழவழத்த டயரை இது காப்பாற்றாது; அளவுக்கு மீறி ஏற்றிய மூட்டைகளையும்தான். மணலில் சக்கரம் புதைந்தால் பொத்தானை அணைத்து வண்டியை வெளியே எடுக்கலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறவாமல் மீண்டும் போட்டுவிட டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.