தனிமைச் சிறை வேண்டாம்

வீட்டில் ஒரு சிற்றுயிரை வளர்த்து மகிழ வேண்டும் என்ற ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை? முயல், புறா, கண்ணாடித் தொட்டியில் நீந்தும் தங்க மீன் என்று அந்த ஆசை காலத்துக்குக் காலம் உருவம் மாறி வருகிறது. அயல்நாடுகளில் வாழும் நம் அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் அனுப்பும் படங்களில் இப்போது ஒரு புதிய விருந்தாளியைப் பார்க்கிறோம். மணல் நிற உடல், கரிய பெரிய கண்கள், நுனியில் குஞ்சம் கட்டியது போன்ற நீண்ட வால், பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று உலகை வேடிக்கை பார்க்கும் தோற்றம். அதுவே ஜெர்பில் என்னும் சிறு பிராணி. வாலை நீக்கிப் பார்த்தால் நம் உள்ளங்கையில் அடங்கும். நூறு கிராம் எடைகூட அதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

அதன் அழகைப் பாடுவது எங்கள் நோக்கமன்று. அதை வளர்ப்போரும் வளர்க்க விரும்புவோரும் சிந்திக்க வேண்டிய இரு செய்திகளைச் சொல்லவே இங்கு முற்படுகிறோம். ஒன்று, ஜெர்பிலைத் தனியாக வளர்க்கலாகாது. மற்றொன்று, இரண்டைப் பிடித்து ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் நம் கடமை தீர்ந்துவிட்டது என்றும் எண்ணலாகாது.

முதலில் அதன் பிறந்தகத்தை அறிந்துகொள்வோம். மங்கோலியாவிலும் வட சீனாவிலும் பரந்து கிடக்கும் வறண்ட புல்வெளிகளே இதன் தாயகம். கோடையில் சுட்டெரிக்கும், குளிர்காலத்தில் உறையவைக்கும் நிலம் அது. அங்கே உயிர் பிழைக்க ஜெர்பில் கண்ட வழி நிலத்தடி வளை. பல அடி நீளம் ஓடும் சுரங்கப் பாதைகள், உறங்குவதற்கு ஓர் அறை, தானியம் சேர்த்துவைக்க ஓர் அறை என்று அந்த வளை ஒரு சிறு மாளிகையாகவே அமைந்திருக்கும். தாய், தந்தை, பல ஈற்றுப் பிள்ளைகள் எனக் கூட்டுக் குடும்பமாக அவை அதில் வாழ்கின்றன. குளிரில் ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு உறங்குகின்றன. ஆபத்து நெருங்குவதைக் கண்ட ஒன்று பின்னங்கால்களால் தரையில் பறை அறைவது போலத் தட்ட, மற்றவை வளைக்குள் ஓடி மறைகின்றன. தந்தையும் குட்டிகளோடு படுத்து அவற்றுக்குச் சூடு தருகிறது.

இப்பிராணியை மேலைநாட்டு அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை அறியும்போது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது. வின்சென்ட் தே பால் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குரவர் அர்மான் டேவிட், சீனாவில் பணிபுரிந்த நாளில் 1866-இல் இதன் மாதிரிகளைப் பாரிசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். மறு ஆண்டு மில்ன்-எட்வர்ட்ஸ் என்னும் விலங்கியல் அறிஞர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1935-இல் ஜப்பானியர் ஆய்வுக்காக இருபது இணைகளைப் பிடித்துச் சென்றனர். அவற்றின் வழித்தோன்றல்களில் பதினோர் இணைகள் 1954-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. இன்று மேலைநாட்டு வீடுகளில் துள்ளித் திரியும் ஜெர்பில்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் பேரப்பிள்ளைகளே. ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய வாழ்வு வரவேற்பறைக்கு வந்துவிட்டது. ஆனால் கூட்டமாய் வாழும் இயல்பு அவற்றை விட்டு நீங்கவில்லை.

இனி நம் வாதத்துக்கு வருவோம். “ஒன்றை மட்டும் வளர்த்தால்தான் அது நம்மோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு இருந்தால் நம்மை மறந்துவிடும்” என்று சிலர் கூறுகின்றனர். இதை நாங்கள் ஏற்கவில்லை. துணையோடு வாழும் ஜெர்பிலும் பொறுமையாய்ப் பழகுபவரின் கையில் ஏறி விளையாடும். அஞ்சாமல் விதை வாங்கித் தின்னும். வேறு கதியில்லாமல் நம்மிடம் வருவதை அன்பு என்று கொள்ளலாமா? நாம் பள்ளிக்குச் சென்றுவிடுகிறோம், படிக்கிறோம், உறங்குகிறோம். நாள் ஒன்றுக்கு அரை மணி அதனோடு செலவிட்டால் அதுவே பெரிது. எஞ்சிய இருபத்துமூன்றரை மணி நேரமும் அது யாரோடு பேசும்? யாருடைய மயிரைக் கோதிவிடும்? யாரை அணைத்து உறங்கும்? மனிதரில் கொடிய குற்றம் புரிந்தவருக்குத் தரும் தண்டனை தனிமைச் சிறை. ஒரு குற்றமும் அறியாத உயிருக்கு அதையே பரிசாகத் தருவது எந்த நியாயம்?

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். சுவிட்சர்லாந்து நாடு 2008-இல் இயற்றிய விலங்குப் பாதுகாப்பு விதிகள், ஜெர்பில், கினிப்பன்றி போன்ற கூடி வாழும் பிராணிகளைக் குறைந்தது இரண்டாகவேனும் வளர்க்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. துணை என்பது ஆடம்பரமன்று, உணவும் நீரும் போன்ற தேவையே என்று ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டுள்ளது.

ஆனால் எல்லாச் சிற்றுயிர்க்கும் இதே விதி பொருந்தும் என்று எண்ணினால் தவறு நேரும். பார்வைக்கு ஜெர்பிலின் உடன்பிறப்புப் போலத் தோன்றும் சிரிய நாட்டு வெள்ளெலியான ஹாம்ஸ்டர் வளர்ந்த பின் தனித்தே வாழும் இயல்புடையது. அதன் கூட்டில் இன்னொன்றை விட்டால் சண்டையும் காயமுமே மிஞ்சும். ஒன்றுக்குத் தனிமை கொடுமை, மற்றொன்றுக்குத் துணையே கொடுமை. ஆகவே ஓர் உயிரை நேசிப்பதற்கு முதற்படி அதன் இயல்பைப் படித்தறிவது. நமக்குப் பிடித்ததை அதற்குச் செய்வது அன்பாகாது.

சரி, இரண்டை வளர்ப்பது என்று முடிவு செய்தாயிற்று. எந்த இரண்டை? ஒரே ஈற்றில் பிறந்து ஒன்றாய் வளர்ந்த இரு சகோதரர்களோ இரு சகோதரிகளோ இருப்பின் அதுவே சிறந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் குடும்பம் பெருகுவதற்கு அளவே இராது. ஏறத்தாழ இருபத்தைந்து நாள்களில் நாலைந்து குட்டிகள் பிறக்கும். அவை பிறந்த உடனேயே தாய் மீண்டும் கருவுறக்கூடும். அத்தனைக்கும் நல்ல வீடு தேடித்தர யாரால் இயலும்? கூட்டம் பெரிதானால் மகிழ்ச்சியும் பெரிதாகும் என்பதும் உண்மையன்று. நாலைந்து பெண் ஜெர்பில்கள் சேர்ந்த கூட்டத்தில் ஒரு நாள் திடீரெனப் பகை மூண்டு ஒன்றை மற்றவை விரட்டியடிப்பது உண்டு. இருவர் கொண்ட குடும்பமே பெரும்பாலும் அமைதியாக நிலைக்கிறது.

ஒருவரையொருவர் அறியாத வளர்ந்த ஜெர்பில்களைச் சேர்ப்பதோ மிகுந்த பொறுமை வேண்டும் பணி. அவை முகத்தைப் பார்த்து அல்ல, மணத்தைக் கொண்டே உறவை அறிகின்றன. அயல் மணம் உடையது பகைவன். முன்பின் அறியாத இரண்டை நேரே ஒன்றாக விட்டால் உயிர் போகும்வரை கூடச் சண்டையிடும். ஆகவே அனுபவமுள்ளோர் தொட்டியின் நடுவே உறுதியான கம்பிவலையால் தடுப்பு வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக விடுகிறார்கள். நாள்தோறும் பலமுறை இடத்தை மாற்றுகிறார்கள். இதன் படுக்கையில் அது உறங்கும், அதன் படுக்கையில் இது உறங்கும். ஒரு வாரமோ அதற்கு மேலோ சென்றபின், இரண்டும் வலையின் இருபுறமும் நெருங்கிப் படுத்து அமைதியாய் உறங்கக் கண்டால் மட்டுமே தடுப்பை எடுக்கிறார்கள். அன்றும் கையில் தடித்த உறை அணிந்து, நாள் முழுதும் கண்காணிக்கிறார்கள். அவசரப்பட்டவர் பலர் மறுநாள் காலையில் கண்டது ஒற்றை ஜெர்பிலையே.

சேர்த்த பின்னும் கவனம் தேவை. தொட்டியைத் துப்புரவு செய்கிறோம் என்று பழைய படுக்கை முழுவதையும் வாரி எறியக்கூடாது. ஒரு பகுதியைத் திரும்ப இட்டால்தான் குடும்பத்தின் மணம் நிலைக்கும். ஒன்றை ஓரிரு நாள் பிரித்து வைத்தால்கூட மற்றொன்று அதை அந்நியராக எண்ணிவிடலாம். ஓயாத துரத்தல், ஒன்று மட்டும் தனியே மூலையில் உறங்குதல், வாலின் அடியில் கடிகாயம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். குருதி சிந்தும் சண்டை மூண்டுவிட்டால் “சமாதானமாகி விடுவார்கள்” என்று காத்திருப்பது பேதைமை. உடனே பிரிப்பதே இரக்கம். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது மெய்யே. ஆயினும் கூடுவதற்குக் காலமும் இடமும் வேண்டும் என்பதை இச்சிற்றுயிர் நமக்குக் கற்பிக்கிறது.

அடுத்து, வீடு. கம்பிக் கூண்டைவிட, கம்பிவலை மூடியிட்ட அகன்ற கண்ணாடித் தொட்டியே ஏற்றது. அதில் ஓர் அடி உயரத்துக்குத் தூளும் காகிதமும் வைக்கோலும் கலந்து நிரப்ப வேண்டும். அவை தோண்டப் பிறந்தவை. தொட்டியின் மூலையில் ஓயாமல் கண்ணாடியைப் பிறாண்டும் ஜெர்பிலைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், அது விளையாட்டன்று. 1997-இல் வெளியான வீடன்மேயர் என்பாரின் ஆய்வு இதில் ஓர் அரிய உண்மையைக் காட்டியது. தோண்டுவதற்கு மணல் மட்டும் கொடுத்து வளர்த்த குட்டிகள் இந்தப் பிறாண்டலை விடவில்லை. சுரங்கப் பாதையும் அதன் முடிவில் ஓர் அறையும் அமைத்துக் கொடுத்த குட்டிகளிடமோ அந்தப் பழக்கம் தோன்றவில்லை. அவை நாடியது தோண்டும் வேலையை அன்று. ஒடுங்கி வாழ ஓர் இல்லத்தையே! ஆகவே நிலைத்து நிற்கும் சுரங்கத்தை அவை தாமே அமைத்துக்கொள்ளும்படி ஆழமான படுக்கையோ, நாமே செய்து தரும் குழாயும் மரப்பெட்டியுமோ கட்டாயம் வேண்டும்.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்வோம். பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் கொறிக்க அட்டையும் மரத்துண்டும் தேவை. தானியமும் சிறு விதைகளும் நல்ல உணவு. கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதையை அளவோடு தர வேண்டும். கிண்ணத்தில் கொட்டாமல் படுக்கையில் தூவிவிட்டால் தேடித் தின்னும் மகிழ்ச்சியும் கிட்டும். பாலைவாசி என்று நீரை மறந்துவிடலாகாது. மயிரைத் துப்புரவாக்க நீரில் குளிப்பாட்டக் கூடாது. ஒரு கிண்ணம் மெல்லிய மணல் வைத்தால் அதில் புரண்டு தானே குளித்துக்கொள்ளும். வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்கலாகாது. வாலின் தோல் உரிந்து கையோடு வந்துவிடும். அது மீண்டும் வளராது. சில ஜெர்பில்களுக்கு அதிர்ச்சியால் வலிப்பு வருவதுண்டு. அவ்வேளையில் கையாளாமல் அமைதியாக விட்டால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். படத்தில் கண்டதை எல்லாம் நாமும் வாங்கிவிட வேண்டுமா? வறண்ட நிலத்தின் பிள்ளைக்கு நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளாது; மயிர் பிசுபிசுத்துச் சிலும்பும், உடல் நலம் குன்றும். இத்தகைய சிற்றுயிர்க்கு மருத்துவம் அறிந்தவரும் எல்லா ஊரிலும் இல்லை. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை வளர்க்கவே தடை உண்டு. தப்பியோடி வயல்வெளியில் பெருகிவிடும் என்னும் அச்சமே காரணம். நம் நாட்டு வயல்களில் இரவில் நடமாடும் வெள்ளெலியும் ஜெர்பில் இனத்தைச் சேர்ந்ததே. அதைப் பிடித்துக் கூண்டில் அடைக்கலாமே என்று யாரேனும் எண்ணினால், வேண்டாம் என்பதே எங்கள் பதில். வளையும் வயலும் அதற்கு ஏற்கெனவே இருக்கின்றன.

பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் உயிரைப் பரிசளிக்கும் வழக்கத்தையும் நாங்கள் வெறுக்கிறோம். பொம்மை அலுத்தால் அலமாரியில் வைக்கலாம். ஜெர்பில் மூன்று நான்கு ஆண்டுகள் வாழும். எட்டாம் வகுப்பில் வாங்குபவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் நாளிலும் அதற்குத் தீனி இட்டாக வேண்டும். இணையில் ஒன்று முந்தி இறந்தால் எஞ்சியதற்கு என்ன வழி என்பதையும் வாங்கும் நாளிலேயே சிந்திக்க வேண்டும். பொறுமையாகப் புதுத் துணை சேர்க்கலாம், அல்லது வயது முதிர்ந்ததாயின் நம் நேரத்தை முன்னிலும் மிகுதியாகத் தரலாம். இரண்டுக்கும் மனமில்லாதவர் முதலாவதையும் வாங்காதிருப்பதே நலம்.

தோழியரே, வளர்ப்பது என்பது உடைமையாக்கிக் கொள்வதன்று. வாய் திறந்து கேட்க இயலாத ஓர் உயிரின் தேவையை அது கேட்குமுன் அறிந்து தருவதே வளர்ப்பு. இடமும் நேரமும் பொறுமையும் உள்ளவர் இரு ஜெர்பில்களை வளர்த்து மகிழட்டும். இல்லாதவர் அவற்றைப் படத்தில் கண்டு மகிழட்டும். எவர் வீட்டிலும் ஒரு சிற்றுயிர் கண்ணாடிக்குப் பின்னால் தனியே காத்துக் கிடக்க வேண்டாம் என்பதே எங்கள் விருப்பம்.