முறையீடும் சான்றும்

அரசாங்கத்தின் முடிவுகள் யாவும் நாடாளுமன்றத்திலேயே பிறக்கின்றன என எம்மவர் பலர் எண்ணுவர். அவற்றுக்கான வித்து வேறிடத்தில் ஊன்றப்படுவதும் உண்டு. பிரித்தானியாவின் அனுபவம் ஒன்றை நோக்குவோம்.

1965இல் அங்கு நிறைவேறிய இன உறவுகள் சட்டம், பொது இடங்களில் காட்டப்படும் பாகுபாட்டையே தடுத்தது. வேலையும் வீடும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. குடிவந்தோரின் முறையீடுகளை மிகைக்கூற்று என ஒதுக்கியோரும் இருந்தனர்.

1931இல் தோன்றிய 'அரசியல் பொருளாதாரத் திட்டமிடல்' என்னும் சுயாதீன ஆய்வு நிறுவனம் இதனைச் சோதித்துப் பார்த்தது. ஆங்கிலேயர், ஹங்கேரியர், மேற்கிந்தியர் ஆகிய மூவரை ஒத்த தகைமைகளுடன் வேலைக்கும் வாடகை வீட்டிற்கும் தனித்தனியே விண்ணப்பிக்கச் செய்தது. வெள்ளையரான ஹங்கேரியருக்குத் திறந்த கதவுகள் பல, மேற்கிந்தியருக்கு மூடப்பட்டன. அந்நியர் என்பதைவிட நிறமே பெருந்தடை என்பது தெளிவாயிற்று. 1967இல் வெளியான இவ்வறிக்கையால், சட்டத்தை விரிவாக்க விழைந்த உள்துறை அமைச்சர் றோய் ஜென்கின்ஸின் கரம் வலுப்பெற்றது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் வேலையையும் வீட்டையும் உள்ளடக்கியது.

ஆய்வு நிறுவனத்திடம் வாக்குமில்லை, அதிகாரமுமில்லை. சான்றே அதன் வலிமை. அச்சான்றைத் தரவேண்டியோர் பாதிக்கப்பட்டோரே.

எமது பிள்ளைகளுக்கு வேலையோ வீடோ மறுக்கப்படின், மனம் நொந்து இருந்துவிடாது, நாள், இடம், கூறப்பட்ட காரணம் ஆகியவற்றை எழுதி வைப்போம். ஆய்வாளர் வினாக்கொத்துடன் வாயிலில் நின்றால், "எமக்கேன் வில்லங்கம்" எனக் கதவைச் சாத்தாதிருப்போம். எண்ணப்படாத துயர் சட்ட ஏட்டில் ஏறுவதில்லை.