மரத்துக்கு ஒரு நேரம்

கீரிப்பாறையில் சித்தி வீட்டு அடுப்பு காலை 4 மணிக்கே எரிந்துவிடும். கட்டன்சாயா குடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டக் கிளம்புவாள். விடிந்த பிறகு போனால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "வெயில் ஏறுனா பால் நின்னு போவும் மக்களே" என்றாள். இரவில் இலைகள் அதிகம் நீரை இழப்பதில்லை. பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் விடியுமுன் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் வெட்டினால்தான் சிரட்டை நிறையும்.

மரத்தின் நேரத்தை இத்தனை மதிக்கிற ஊரில்தான் சித்தியின் மகளும் வளர்ந்தாள். இப்போது வெளியூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒரு வாரம் பகல் டூட்டி, மறுவாரம் இரவு டூட்டி. அவள் உடம்புக்கு யாரும் நேரம் பார்ப்பதில்லை.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை மதுரைக்காரர்கள் வௌவாலிடம் ஆராய்ந்தார்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரனும் மாணவர்களும் குகையின் இருட்டுக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். வெளிச்சமே படாத அந்த இடத்திலும், கூட்டத்தார் போவதையும் வருவதையும் கொண்டே அது தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டது. 1981-இல் வெளியான அந்த ஆய்வை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும்.

அந்தக் கடிகாரத்தின் பற்சக்கரங்கள் மரபணுக்கள். 1971-இல் பழ ஈயில் முதல் மரபணு பிடிபட்டது. பீரியட் என்று பெயர். அது தரும் புரதம் இரவில் சேர்ந்து, தன்னை உண்டாக்கும் வேலையைத் தானே நிறுத்தி, பிறகு சிதைந்து, மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். இதை விளக்கியவர்களுக்கு 2017-இல் நோபல் கிடைத்தது. நம் செல்களில் பெரும்பாலானவற்றில் இந்தச் சுற்று ஓடுகிறது. செல் எப்போது பிரிய வேண்டும், சேதமான டி.என்.ஏ.வை எப்போது பழுதுபார்க்க வேண்டும் என்பதிலும் அதற்குக் கை உண்டு. 2002-இல் இந்த மரபணுக்களில் ஒன்று பழுதான எலிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபோது, சாதாரண எலிகளைவிட அவற்றுக்குக் கட்டிகள் கூடுதலாக வந்தன.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல், உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் வைத்தது. 2019-இல் இரவு வேலையை மறுபடி ஆராய்ந்து அங்கேயே நிறுத்தியது. மார்பகப் புற்றுநோய்க்கும் இரவு வேலைக்கும் தொடர்பில்லை என்று 2016-இல் பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று சொன்னதையும் மறைக்கக் கூடாது. இரவு டூட்டி பார்த்தவர்கள் பயந்துபோக வேண்டியதில்லை. ஆனால் வாராவாரம் உறக்கத்தைப் புரட்டிப்போடும் அட்டவணையை மாற்ற, முழு நிரூபணம் வரும்வரை எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

தங்கை லீவில் வந்தால், சித்தி ஜன்னலில் கம்பளியைக் கட்டி அறையை இருட்டாக்குகிறாள். பால்வெட்டு முடிந்து முற்றத்தில் கூடும் பெண்களிடம், "பிள்ளை ஒறங்குது, மெல்லப் பேசுங்கோ" என்கிறாள்.