சர்க்கரையின் அளவோடு நடையையும் கேளுங்கள்

முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துவரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?" என்பதே. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எழுபது வயதைக் கடந்தவரைப் பற்றி, "கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா?" என்றும் கேட்க வேண்டும் என்பது எமது கருத்து.

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் மட்டுமன்றி, தசையையும் நரம்பையும் நலிவிக்கிறது. நெடுங்காலம் சர்க்கரை கட்டுப்படாதிருந்தால் பாதம் மரத்து, தொடை மெலிந்து, நடை தளரும். ஆகவே கட்டுப்பாடு இன்றியமையாதது.

ஆயினும் அளவுமீறிய கட்டுப்பாடும் தீங்கே. இன்சுலினாலோ சில மாத்திரைகளாலோ இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியன தோன்றும். இவற்றை முதுமையின் இயல்பென்று வீட்டார் ஒதுக்கிவிடுவதுண்டு. அவ்வேளையில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், முன்போல் நடமாடுவது பலருக்கு அரிதாகிவிடுகிறது.

பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 'அக்கார்டு' ஆய்வில், சர்க்கரையை மிகத் தீவிரமாகக் குறைத்த பிரிவில் இறப்பு மிகுந்தமையால், அச்சிகிச்சை 2008ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, நலமாக இருக்கும் முதியோர்க்கு 7 முதல் 7.5 விழுக்காட்டுக்குள்ளும், பல நோய்களால் தளர்ந்தோர்க்கு 8 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கலாம் என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அயலவருடைய அளவு நம் தாய்க்குப் பொருந்த வேண்டுவதில்லை.

உணவிலும் இதே பிழை நேர்கிறது. சர்க்கரைக்கு அஞ்சி, இரவில் வெறுங்கஞ்சியோடு நிறுத்திவிடுகிறோம். பருப்பு, முட்டை, மீன் ஆகியவை குறைந்தால் தசையும் குறையும். சிறுநீரகக் கோளாறு உடையோர் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

மாத்தூர், மணலிப் பகுதிகளில் ஆலைகளில் உழைத்து ஓய்ந்த பெரியோர், "உழைத்த உடம்புக்குப் பயிற்சி எதற்கு?" என்பர். அன்றைய உழைப்பு இன்றைய தசையைக் காப்பதில்லை. நாற்காலியில் ஐந்து முறை அமர்ந்தெழ 15 நொடிக்கு மேலானால் கால்வலிமை குறைந்துள்ளதெனக் கொள்ளலாம். அதனை மருத்துவரிடம் தெரிவியுங்கள். 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையும் இல்லம் தேடி வருகிறது. இரண்டும் ஒன்றாகவே வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

பின்னாளில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனையாக மாறிய மருத்துவமனையை டாக்டர் எம். விசுவநாதன் 1954ஆம் ஆண்டிலேயே நிறுவியது நம் வடசென்னையின் இராயபுரத்தில்தான். சர்க்கரையை அளக்க நெடுநாள் முன்பே கற்றோம். இனி நடையையும் அளக்கக் கற்போம்.

மருந்தைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டா. அடுத்த முறை வரும்போது, சர்க்கரைக் குறிப்பேட்டில் வீழ்ந்த நாள், மயங்கிய நேரம், நடந்த தொலைவு ஆகியவற்றையும் எழுதிக் கொணருங்கள். எந்த அளவு போதும் என்பதை அவற்றைக் கொண்டே முடிவு செய்ய இயலும்.