வானொலிப் பெட்டி வாங்கத்தான் வேண்டும், அன்டனாவை நாமே செய்வோம்

எமது ஊர்களில் பாடசாலைக்கு ஏதாவது செய்து கொடுப்போம் என்ற பேச்சு வந்தால் முதலில் வருவது நுழைவாயில் வளைவு, அடுத்தது மேடை, அதற்கடுத்தது சிசிடிவி கெமரா. கொடுப்பவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் தங்கள் கையால் ஒன்றைச் செய்து, அது வேலை செய்வதைக் கண்டு சந்தோஷப்படுவதற்கு நாம் எவ்வளவு ஒதுக்குகிறோம்? இந்தக் கேள்வியோடுதான் அமெச்சூர் வானொலி பற்றி எழுதுகிறோம்.

பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் பெற்ற சாதாரண மக்கள், வியாபார நோக்கம் எதுவுமில்லாமல், தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் கதைப்பதுதான் அமெச்சூர் வானொலி. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள். இடையில் டவர் இல்லை, இணையம் இல்லை, மாதாந்தக் கட்டணமும் இல்லை.

"கையில் போன் இருக்க இது எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26ஐ நினைவூட்டுகிறோம். சுனாமியில் இந்த நாட்டிலேயே ஆகக்கூடிய உயிரிழப்பு எமது அம்பாறை மாவட்டத்தில்தான். உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய முடியாமல் நாட்கணக்கில் அலைந்தவர்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள். அந்த நாட்களில் விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர்கள் சிற்றலைக் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்குப் போய், அங்கிருந்து கொழும்பிலிருந்த பிரதமரின் அவசர நிலையத்துக்குத் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அந்தமான் தீவில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணியும் அவரது குழுவினரும் அதே வேலையைச் செய்தார்கள். எமது கரையோர ஊர்களில் இன்று ஒரு பேரிடர் வந்தால் இதைச் செய்யக்கூடிய எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இனிக் காசு விடயம். வானொலிப் பெட்டி விலையானது. அதை வீட்டில் செய்வதும் இலேசல்ல. ஆனால் அன்டனாவும் அதனோடு சேர்ந்த துணைப் பொருட்களும் அப்படியல்ல. ஹாட்வெயார் கடையிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடைப்பவற்றைக் கொண்டு தரம் 10 பிள்ளையே செய்யலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியாக இருந்தாலும் அன்டனா பிழையென்றால் அது ஊமை. சரியான அன்டனாவோடு ஒரு சாதாரணப் பெட்டி நாடு முழுக்கக் கேட்கும்.

கணக்கு எமது விஞ்ஞானப் பாடத்தில் உள்ளதுதான். வேகம் சமன் மீடிறன் தர அலைநீளம். அரை அலை அன்டனாவுக்கு 143ஐ மெகாஹேர்ட்ஸ் பெறுமானத்தால் வகுத்தால் நீளம் மீற்றரில் வரும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீற்றர், அதாவது பக்கத்துக்கு 10 மீற்றர். வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 1/1.13 வயர் இதற்குப் போதும். கொஞ்சம் நீளமாக வெட்டி, அளந்து அளந்து குறைத்துக்கொள்ள வேண்டும். கட்டையாக வெட்டிவிட்டால் ஒட்டுப்போட வேண்டி வரும்.

நடுவிலும் இரு முனைகளிலும் வைக்கும் காவலிகளைப் பி.வி.சி. குழாய்த் துண்டில் துளையிட்டே செய்துகொள்ளலாம். டிஷ் அன்டனா பூட்டியபோது மிஞ்சிய டீவி கேபிள் பல வீடுகளில் கிடக்கிறது. அதன் 75 ஓம் பெறுமானம் இந்த அன்டனாவின் நடுப்பகுதிக்கு நன்றாகவே பொருந்தும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கேபிளின் வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், சோல்டர் பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வொஷரும் போட்டு இறுக்க வேண்டும். கேபிளின் வெளிப்புறத்தால் மின்னோட்டம் இறங்கி வந்து இரைச்சலைக் கூட்டாமல் தடுக்க, அன்டனாவின் நடுவுக்குக் கிட்ட ஏறத்தாழ 6 மீற்றர் கேபிளை ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் பெயின்ட் வாளியின் மேல் ஒன்பது பத்துச் சுற்றாகச் சுற்றிக் கட்டினால் போதும். தென்னை மரங்களுக்கிடையில் கட்டுவதென்றால் மரம் ஆடும்போது வயர் அறுந்துவிடும். ஒரு முனைக் கயிற்றைக் கப்பியில் போட்டு, மணல் நிரப்பிய போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டால் கயிறு தானாகவே இளகி இறுகும்.

உயரமான கோபுரம் வேண்டாமா என்று கேட்கலாம். எமது தேவைக்கு வேண்டாம். இந்த 7 மெகாஹேர்ட்ஸ் அன்டனாவை 6, 7 மீற்றர் உயரத்தில் தாழ்வாகக் கட்டினால் அலை மேல்நோக்கிப் போய், அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீற்றர் சுற்றளவில் விழும். இலங்கையின் நீளமே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். நாட்டுக்குள் கதைப்பதற்குத் தாழ்வான, மலிவான அன்டனாவே பொருத்தமானது.

இன்னும் சின்னதாகத் தொடங்க விரும்பினால் 145 மெகாஹேர்ட்ஸ் இருக்கிறது. 49 சென்றிமீற்றர் கம்பி ஒன்று நிமிர்ந்தபடி, கீழே சரிவாக நான்கு. உடைந்த குடைக் கம்பிகளே போதும். பொருத்தமான வாங்கியோடு இணைத்தால், சர்வதேச விண்வெளி நிலையம் எமது வானத்தைக் கடக்கும் சுமார் பத்து நிமிடங்களில், அங்கிருந்து 145.800இல் ஒலிபரப்பு நடக்கும் நேரமாக இருந்தால் அதைக் கேட்கலாம். பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் விருப்பம் வர இதைவிட என்ன வேண்டும்?

"பழைய சாமானில் செய்ததெல்லாம் ஒரு கருவியா?" என்று ஏளனமாகப் பார்ப்பவர்களும் உண்டு. இலங்கையின் வானொலியே அப்படித்தான் பிறந்தது. 1920களில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டுதான் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். 1925இல் கொழும்பு வானொலி ஆரம்பமானது.

ஆனால் எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. மின்சாரக் கம்பிக்குக் கிட்ட அன்டனா வயரை எறியவோ கட்டவோ கூடவே கூடாது, அது உயிர் போகும் விளையாட்டு. மழைக்கு முன் பிற்பகல்களில் இடிமின்னல் வரும் மாதங்களில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். கடற்காற்றின் உப்பு பட்டால் செப்பும் அலுமினியமும் சேருமிடம் வெகு சீக்கிரம் அரிக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றி, அதன் மேல் சைக்கிள் டியூப் கீற்றை இழுத்துக் கட்ட வேண்டும். ஆழ்கடலுக்குப் போகும் எமது மீனவர்களுக்கு வயர்லெஸும் தெரியும், உப்புக்குத் தாங்கும் கட்டும் தெரியும். அவர்களைப் பாடசாலைக்கு அழைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்வோம்.

கடைசியாக, பலரும் மனதுக்குள் வைத்திருந்து சொல்லாத ஒன்று. 2019இன் பின்னர் நடந்த தேடுதல்களை எமது மக்கள் மறக்கவில்லை. கூரையில் ஒரு வயரைக் கட்டினால் யார் என்ன சொல்வார்களோ, பிள்ளை எதிலாவது மாட்டிக்கொள்வானோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதற்காக ஒதுங்கிவிட்டால் இந்த அறிவு எமது பிள்ளைகளுக்கு இல்லாமலே போகும். ஒளித்துச் செய்வதோ அதைவிட மோசம். ஒரே வழி, எல்லாவற்றையும் பகிரங்கமாகவும் சட்டப்படியும் செய்வதுதான். கேட்பதோடு ஆரம்பிப்போம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, வோக்கிடோக்கி வாங்கவும் கூடாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். அது அரசாங்கம் தரும் அடையாளம். அந்தக் குறியோடு எமது பிள்ளை பேசும்போது, மறுமுனையில் மாத்தறையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பதில் சொல்பவருக்கு அவன் இன்னொரு அமெச்சூர், அவ்வளவுதான்.

எமது கோரிக்கை சிறியது. பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த முறை கேடயங்களுக்கு ஒதுக்கும் காசில் ஒரு பகுதியை எடுத்து, பாடசாலைக்கு ஒரு நல்ல வாங்கி வாங்கிக் கொடுங்கள். விடுமுறையில் இரண்டு நாள், அதிபரின் எழுத்துமூல அனுமதியோடு, ஊரிலுள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரின் மேற்பார்வையில், பிள்ளைகள் அன்டனாவைச் செய்யட்டும். ஆண் பிள்ளைகள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளும்தான். அவர்களில் இரண்டு பேர் பரீட்சை எழுதி அழைப்புக்குறி எடுத்தாலே எமது ஊருக்கு அது பெரிய சொத்து, இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் மிஞ்சிய டீவி கேபிள், பி.வி.சி. துண்டு, உடைந்த குடை இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தர விரும்புபவர்களும், சோல்டரிங் தெரிந்த சகோதரர்களும் கீழே கருத்திடுங்கள்.